வம்சாவளிப் படம் வரையும் மென்பொருள்கள்: கேள்வி பதில்

கேள்வி: மரபுநோய் ஆய்வுக்கான வம்சாவளிப் படங்களைப் பவர்பாயின்டில் சதுரமும் வட்டமுமாக வரைந்து வருகிறேன். தனி மென்பொருள் தேவையா?

பதில்: தேவை. பவர்பாயின்டில் இருப்பவை வெறும் கோடுகள். அவற்றைக் கொண்டு எதையும் கணக்கிட முடியாது. முதலில் அட்டவணையைத் தயார் செய்யுங்கள். குடும்ப எண், ஆள் எண், தந்தை எண், தாய் எண், பாலினம், நோய்நிலை என்ற ஆறு பத்திகள் போதும். ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2, நோயற்றவருக்கு 1, நோயுற்றவருக்கு 2, பெற்றோர் தெரியாத இடத்தில் 0 என்பது மரபணுத் தரவை ஆராயும் பிளிங்க் என்ற மென்பொருள் ஏற்கும் முறை. ஆள் எண்ணை 1-2 என்று எழுதினால் எக்ஸெல் அதைத் தேதியாக்கிவிடும். 101, 203 என்பது போல எழுதுங்கள். பெயர் எந்தப் பத்தியிலும் வேண்டாம்.

கேள்வி: ஆர் என்ற நிரல்மொழியில் இயங்கும், வம்சாவளிப் படம் வரையும் கின்ஷிப்2, தந்தை மட்டும் தெரிந்த ஒருவரை ஏற்க மறுக்கிறது.

பதில்: பெற்றோர் இருவரையும் தர வேண்டும், அல்லது இருவரையும் விட்டுவிட வேண்டும். தகவல் கிடைக்காத தாய்க்கும் ஓர் எண்ணும் ஒரு வரியும் கொடுங்கள்.

கேள்வி: அக்காள் மகளை மணந்த தாய்மாமனை எந்த வரிசையில் வரைவது? ஒரு படத்தில் அவர் மனைவியின் வரிசைக்கு இறங்கிவிட்டார்; இன்னொன்றில் இரண்டு இடங்களில் நிற்கிறார்.

பதில்: தென்னிந்தியக் குடும்பங்களை வரைகிறவர்கள் இந்தச் சிக்கலைச் சந்திக்காமல் இருக்க முடியாது. கணவனும் மனைவியும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்று மென்பொருள் முயலும்போது, மாமன் கீழே இழுக்கப்படுகிறார். ஒருவரை இருமுறை வரைய நேர்ந்தால், கின்ஷிப்2 அந்த இரண்டு உருவங்களையும் துண்டு துண்டான வளைகோட்டால் இணைக்கும். மாமன் பிறந்த தலைமுறையிலேயே நிற்கட்டும் என்பது என் கருத்து. அவருடைய ஆள் எண் 203, மனைவியின் எண் 301 என்றால், இருவரையும் இரத்த உறவுத் திருமணத்தைக் குறிக்கும் இரட்டைக் கோட்டைச் சாய்வாக இழுத்து இணைத்துவிடுங்கள். மென்பொருள் இடம் தராவிட்டால், படத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து அந்தக் கோட்டை மட்டும் திருத்துங்கள்.

கேள்வி: மாமனைக் கீழே இறக்கினால் உறவுக் கணக்கே தவறிவிடும் என்று எங்கள் ஆய்வகத்தில் வாதிடுகிறார்கள்.

பதில்: தவறாது. கணக்கு அட்டவணையிலிருந்து வருகிறது. வரிசை எதுவானாலும் அத்தம்பதியின் குழந்தைக்கு உட்கலப்புக் கெழு (ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு) 1/8 தான். ஒருவர் தன் தாய்மாமனின் மகளை மணந்திருந்தால், அவர்கள் குழந்தைக்கு 1/16. இரு குடும்பங்களும் முந்தைய தலைமுறைகளிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தால் மதிப்பு இவற்றைவிடக் கூடும் என்பதால், பாட்டி, பூட்டி வரை விசாரித்து எழுதுங்கள். கெடுவது வாசிப்புதான்.

கேள்வி: அப்படியானால் இருமுறை வரைவதில் என்ன குறை? மென்பொருளே அப்படித்தானே செய்கிறது?

பதில்: மாமன் நோயுற்றவர் என்று வையுங்கள். நோயுற்ற ஆணைக் குறிக்கும் நிரப்பிய சதுரங்கள் இரண்டு தெரியும். நெருக்கமான படத்தில் வளைகோட்டைக் கவனிக்காதவர் நோயாளிகள் இருவர் என்று எண்ணுவார். வேறு வழியில்லாதபோது மட்டும் செய்யுங்கள், இரண்டு இடத்திலும் 203 என்று எழுதுங்கள்.

கேள்வி: இலவசமாகக் கிடைப்பது எது?

பதில்: கின்ஷிப்2 இலவசம். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இணையத்தில் இயங்கும் குவிக்பெட் இருக்கிறது; உறவுக் கெழுக்களையும் அதுவே தரும். ஹாப்லோடைப்புகளையும் (ஒரே குரோமோசோமில் சேர்ந்து கடத்தப்படும் மரபணு வடிவத் தொகுதிகளையும்) படத்தில் காட்ட வேண்டுமானால் ஹாப்லோபெயின்டர்.

கேள்வி: பணம் கட்டாமல் பயன்படுத்தக்கூடிய மென்பொருள் உண்டா?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அத்தை மகனை மணக்கவிருக்கிறேன். படம் வரைந்து பார்த்தால் ஆபத்து தெரியுமா?

பதில்: படம் மட்டும் போதாது. மரபியல் ஆலோசகரிடம் நேரில் செல்லுங்கள்.

கேள்வி: நோயாளிகளின் பெயர், ஊருடன் கோப்பை இணையதளத்தில் ஏற்றிவிட்டேன். படம் நன்றாக வந்திருக்கிறது.

பதில்: அதை உடனே நீக்கிவிட்டு, உங்கள் ஆய்வு வழிகாட்டியிடம் இன்றே சொல்லுங்கள்.