முதல் பாகம் இல்லாமல் ‘அயர்ன் ஃப்ளேம்’ வாசிக்கலாமா?

தங்கச்சி, யாழ்ப்பாணக் கடைகளில் முதல் பாகம் கிடைக்காமல், ரெபெக்கா யாரோஸின் டிராகன் கற்பனை நாவல் வரிசையில் இரண்டாவதான ‘அயர்ன் ஃப்ளேமை’ வாங்கி, இருபது பக்கத்திலேயே யார் எவரென்று விளங்காமல் மூடிவைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் நடக்கும். செத்துப்போனதாகக் கதாநாயகி வயலெட் நம்பியிருந்த அண்ணன் பிரென்னன், முதல் பாகமான ‘ஃபோர்த் விங்’கின் கடைசியில்தான் உயிரோடு வந்து நிற்கிறான். இந்தப் புத்தகம் அங்கிருந்தே தொடங்குகிறது.

பொறுக்க ஏலாதென்றால் இவ்வளவும் போதும். வயலெட்டின் காதலன் ஸேடனின் தகப்பன், நவார் என்ற அவர்களுடைய நாட்டின் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்திக் கொல்லப்பட்டவர். கிளர்ச்சிக்காரரின் பிள்ளைகள் 107 பேருக்கும் ஸேடன்தான் பொறுப்பு. வயலெட்டின் தாயோ அதே அரசின் தளபதி. வயலெட்டும் ஸேடனும் ஏறிப் பறக்கும் டிராகன்கள் சோடி, அதிக நாள் பிரிந்திருக்க முடியாது. ஆகவே கோபமென்றாலும் முகம் பார்த்துத்தான் ஆகவேண்டும். ‘ஏன் மறைத்தாய், ஏன் கேட்கவில்லை’ என்ற இழுபறி எனக்கே அலுத்தது.

ஆனால் வெனின் என்ற எதிரி இருப்பதையே அரசு வரலாற்றிலிருந்து அழித்துவிட்டது, இல்லையா? வயலெட் களவாக ஆவணக் காப்பகத்துக்குள் இறங்கிப் பழைய குறிப்பேடுகளைத் தேடும் இடத்தில் நான் இரவு இரண்டு மணிவரை புத்தகத்தை வைக்கவில்லை. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு அது வேறுமாதிரித்தான் உறைக்கும்.

என்னிடம் முதல் பாகம் இருக்கிறது, அட்டையில் தேத்தண்ணிக் கறையோடு. இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் வந்தால் இரவல் தரலாம். மூன்றாவதைப் பிறகு பார்ப்போம்.