திகில் எஸ்கேப் ரூம்: பயம் எப்போது சுவைக்கிறது?

கேள்வி: ஓர் அறைக்குள் நுழைந்து, புதிர்களை விடுவித்து வெளியேறும் விளையாட்டுதான் எஸ்கேப் ரூம். அதில் திகில் வகைக்குக் காசு கொடுத்துப் போய் பயப்படுவதில் அப்படி என்ன மகிழ்ச்சி இருக்கிறது?

பதில்: உடல் பதறினாலும் இது விளையாட்டுதான் என்பதை மனம் அறிந்திருக்கிறது, அந்த இரட்டை நிலையில்தான் சுவை பிறக்கிறது. அதற்காகப் பயம் கூடக் கூட மகிழ்ச்சியும் கூடும் என்று எண்ணிவிட வேண்டாம். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திகில் மாளிகை ஒன்றுக்கு வந்த 110 பேரின் இதயத்துடிப்பைக் கருவி பொருத்தி அளந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், மிதமாகப் பயந்தவர்களே அதிகம் ரசித்ததாகக் கண்டார்கள்.

கேள்வி: பேய் வேடமிட்டவர் அருகில் வந்தாலே எனக்கு மூளை வேலை செய்வதில்லை. குறை என்னிடமா?

பதில்: அறையை வடிவமைத்தவரிடம். டார்ச் வெளிச்சத்தில் நான்கு எண் பூட்டைத் திருப்பிக்கொண்டிருப்பவரின் காதருகே அலறினால், விரல் நழுவி, மூன்றாவது எண்ணும் மறந்துபோகும்; அதன்பின் அவருக்கு மிஞ்சுவது எரிச்சல்தான். தேர்ந்த வடிவமைப்பாளர், நீங்கள் புதிரில் மூழ்கியிருக்கையில் சுவருக்கு அப்பால் நாற்காலி இழுபடும் ஓசையை மட்டும் கேட்கச் செய்து, பூட்டு திறந்து நிம்மதியாக மூச்சுவிடும் நொடியில் விளக்கை அணைப்பார். 2007இல் ஜப்பானின் கியோட்டோவில் எஸ்கேப் ரூம் புதிர் விளையாட்டாகவே தொடங்கியது என்பதைத் திகில் அறை நடத்தும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எத்தனை பேராகப் போகலாம்?

பதில்: நான்கு பேர். அதற்கு மேல் போனால் அரட்டையில் பயம் கரைந்துவிடும். எல்லாவற்றையும் கிண்டலடிக்கும் நண்பரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: கதவை உண்மையிலேயே பூட்டிவிடுவார்களா?

பதில்: பூட்டவே கூடாது. 2019 ஜனவரியில் போலந்தின் கோஷாலின் நகரில் எஸ்கேப் ரூம் ஒன்றில் தீப்பிடித்தபோது, வெளியேற வழியின்றி 15 வயதுச் சிறுமியர் ஐவர் உயிரிழந்தனர். அவசரத்துக்கு எந்தக் கதவு, அது சாவியின்றித் திறக்குமா என்று நுழையும் முன்பே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்துவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்ற உறுதி இல்லாத இடத்தில் எஞ்சுவது வெறும் அச்சம்தான்.

கேள்வி: பத்து வயது மகனை அழைத்துச் செல்லலாமா?

பதில்: நடிகர்கள் இல்லாத அறையாகத் தேர்ந்தெடுங்கள். முன்பதிவின்போதே வயதைச் சொன்னால், பயமுறுத்தும் காட்சிகளைக் குறைத்து நடத்தும் இடங்களும் உண்டு. பாதியில் வெளியே வந்தாலும் யாரும் கேலி செய்ய மாட்டார்கள் என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.