டெக்சியைக் கேட்டு அனுப்பினார்கள்

ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எழுதுகிறேன். மகள் பிரான்சில், லியோனில் இருக்கிறாள். அவளிடம் சொன்னால், "விடும்மா, உனக்கும் வயசாகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாள்.

எனக்கு 63 வயது. மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து 39 வருஷம் ஆகிறது. என் கணவர் வீட்டுக்கு மூத்தவர். அவருக்கு இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. தைப்பூசக் காவடி அன்று எல்லோரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். கோயிலிலும் சாப்பாடு போடுகிறார்கள்தான். ஆனாலும் பத்து நாள் விரதம் இருந்து, கோர் தெ கார்ட் மலையடிவாரக் கோயில் வரை காவடி எடுத்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்து வாழையிலையில் ஏழு கறியோடு உட்கார்ந்தால்தான் மனசு நிறையும் என்று மாமியார் சொல்வார். முதல் ஆறு வருஷம் என்னைத் தேங்காய் துருவ மட்டும்தான் விட்டார். அவர் போன பிறகு எல்லாம் நான்தான். பேரப்பிள்ளைகளையும் சேர்த்தால் 34 இலை.

அந்த வேலை என்னவென்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். முந்தின நாள் மத்தியானமே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாக்காய் நறுக்க வேண்டும். வாழைக்காய், ஜிரோமோன் என்கிற பூசணிக்காய், கத்தரிக்காய், கீரை, அப்புறம் ரசம், பாயசம். திபூரி என்கிற சின்னப் பூரியைச் சுடச்சுடப் பொரித்துப் போட வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்குக் கொல்லையில் விறகு அடுப்பை மூட்டுவேன். பிப்ரவரி மாசத்துப் புழுக்கம் உங்களுக்கே தெரியும். ஒரு வருஷமாவது ஓர் ஓரகத்தி, "அக்கா, நான் முந்தின ராத்திரியே வந்துவிடுகிறேன்" என்று சொன்னதில்லை. பெரியவள் பாங்கில் வேலை செய்கிறாள். பட்டுப்புடவையோடு பதினோரு மணிக்கு வருவாள். நாத்தனார் இரண்டு பாட்டில் கூல்டிரிங் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதை பேச உட்கார்ந்துவிடுவாள். சின்னவள் மட்டும் ஒரு வருஷம் கத்தரிக்காய் செய்துகொண்டு வந்தாள். வாயில் வைக்க முடியவில்லை. கடுகுகூடப் பொரியவில்லை. 34 பேர் சாப்பிடுகிற இலையில் அதை எப்படி வைப்பது? என் சட்டியில் கொட்டி மறுபடி தாளித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அதற்கப்புறம் அவள் எதுவும் கொண்டுவருவதில்லை. கேட்டால், "அக்கா கை மாதிரி வராது" என்பாள். வசதியான பதில்!

போன வருஷம் துக்கம் என்பதால் நாங்கள் யாரும் செய்யவில்லை. இந்த வருஷம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். டிசம்பரிலேயே சின்னக் கொழுந்தன் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் போட்டாள். சாப்பாடு கத்ர் போர்னில் அவர்கள் வீட்டில். ஆளுக்கு ஒரு கறி. வாழைக்காய் இவர், பலாக்காய் அவர் என்று வரிசையாகப் பெயர். என் பெயருக்கு எதிரே பாயசம். "பெரியம்மா இந்த வருஷம் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று கீழே ஒரு வரி, கை கூப்பிய படம். இத்தனை வருஷம் ஏழு கறியும் செய்தவளுக்குப் பாயசம்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் கட்டைவிரலைப் போட்டார்கள். நானும் போட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு ரசம் வைக்கத் தெரியாது. தெரியாதவள் எதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும்? அன்று விடியற்காலை மூன்று முறை போன். புளி எவ்வளவு, மிளகு எப்போது, நுரை கட்டினால் இறக்கிவிடலாமா என்று. டெக்சி என்கிற பெரிய சமையல் பாத்திரத்தையும் கேட்டு முந்தின நாள் பையனை அனுப்பினார்கள். மாமியார் காலத்து டெக்சி. கொடுத்தனுப்பினேன். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் போய் இரண்டு காவடி ஆகிறது. அது கிடக்கட்டும்.

நான் போனேன். என்னை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. முதல் பந்தியில் உட்கார வைத்து, விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். ஜிரோமோனில் உப்பு அதிகம். வாழைக்காய் வேகவே இல்லை. ஆனாலும் எல்லோரும் பிரமாதம் பிரமாதம் என்றார்கள். நான் செய்தபோது யாரும் அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை. பெரிய கொழுந்தன் ராத்திரி என்னை வீட்டில் இறக்கிவிட்டார். வாசல் கேட்டோடு சரி. அவர் இப்போதெல்லாம் உள்ளே வருவதில்லை. ஒரு டீக்குக்கூட.

இத்தனை வருஷம் உழைத்ததற்கு இதுதான் மரியாதையா? வருஷப் பிறப்பு வருகிறது. அதற்கும் பட்டியல் போடுவார்கள். நான் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன். அது தப்பா? ஓரகத்திகளுக்கு என் அருமையை எப்படிப் புரியவைப்பது? டெக்சி இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ரோஸ் ஹில் வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பலாக்காய்க்கு ஐந்தாறு சொல்லாவது கொடுத்திருக்கிறீர்கள். கத்தரிக்காய்க்கு ஒரு பத்தியே கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கணவர் மறைந்ததற்கு ஒரே ஒரு வரி. அதுவும் டெக்சியைப் பற்றிய பேச்சுக்கு நடுவில். எழுதிய கையோடு "அது கிடக்கட்டும்" என்று மூடியும் போட்டுவிட்டீர்கள். மன்னியுங்கள், அதைக் கிடக்க விட எனக்கு மனம் வரவில்லை.

அவர் போய் இரண்டு வருஷம் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு காவடி என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் காவடி துக்கத்தில் போயிற்று. அன்று அடுப்பு மூட்டாததற்கு ஒரு காரணம் இருந்தது, யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த இரண்டாவது காவடியைத்தான் நீங்கள் மனசுக்குள் எதிர்பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். அவர் இல்லாவிட்டாலும் 34 பேரும் பழையபடி என் வீட்டுக்கு வருவார்களா என்று. பட்டியலில் கத்ர் போர்ன் என்று படித்த அந்த நிமிஷம் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தீர்கள். உங்களைக் குத்தியது பாயசம் என்று எனக்குத் தோன்றவில்லை. இவர்கள் எல்லோரும் அவருடைய உறவு, அவர் போன பிறகு இவர்களுக்கு நான் யார் என்ற கேள்விதான் குத்துகிறது. மகளும் கடல் தாண்டி இருக்கிறாள். அதை வாய்விட்டுக் கேட்பது பயமாக இருப்பதால் உப்பையும் கடுகையும் கேட்கிறீர்கள்.

இப்போது கொஞ்சம் கோபப்படாமல் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன. இத்தனை வருஷம் யாரும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை என்பது ஒன்று. இந்த வருஷம் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே கையில் பிடிக்க முடியாது அம்மா. அந்தக் கத்தரிக்காயை மறுபடி தாளித்தீர்களே, உங்கள் வீட்டில் பங்கு போடுவது நின்றுபோனது அன்றுதான் என்று நினைக்கிறேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருஷம் தேங்காய் மட்டும் துருவிய மருமகளுக்கு, தான் சமைத்ததை இன்னொருத்தி தன் கண்ணெதிரே சட்டியில் கொட்டுவது எப்படி இருக்கும் என்று தெரியாதா? உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சம்பவத்தை இத்தனை வருஷம் மறக்காமல் வைத்திருக்கிறீர்கள். "அக்கா கை மாதிரி வராது" என்று அவள் சொல்வது வசதிக்காகச் சொல்லும் பதில் என்று எனக்குப் படவில்லை. சூடு பட்டவள் சொல்லும் பதிலாகவே படுகிறது.

அவர்கள் பக்கம் தவறே இல்லையா? இருக்கிறது. மூத்தவள் வீட்டிலிருந்து சாப்பாட்டை மாற்றுவதென்றால், நேரில் வந்து கேட்டிருக்க வேண்டும். குறைந்தது போனாவது செய்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பெயர் போட்டு, கை கூப்பிய படம் வைத்துவிட்டால் கேட்டதாக ஆகாது. அதுவும் துக்கம் கழிந்த முதல் காவடிக்கு. உங்களுக்கு வலித்தது நியாயம். ஆனால் நீங்களும் கட்டைவிரலைப் போட்டீர்கள். வலிக்கிறது என்று அவர்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள்?

விறகு அடுப்பு, விடியற்காலை மூன்று மணி, 34 இலை. கணவரை இழந்து இன்னும் ஆறாத அண்ணியை மறுபடி அந்தப் புகையில் நிறுத்த அவர்களுக்கு மனசு வராமல் இருந்திருக்கலாம். அதைச் சொல்லத் தெரியாமல் "ரெஸ்ட்" என்று எழுதியிருக்கலாம். பெரிய கொழுந்தன் உள்ளே வருவதில்லை என்பதை நீங்கள் விலகலாக எடுத்துக்கொள்கிறீர்கள். ராத்திரி உங்களை வீடு வரை கொண்டுவந்து விடுகிற மனிதர் விலகுகிறவராக எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுக்குள் அவருடைய அண்ணன் உட்காரும் நாற்காலி இன்னும் இருக்கிறது, இல்லையா? நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் இந்த இரண்டு காவடிக் காலத்தில் அவருடைய தம்பிகளும் தங்கையும் அண்ணனை எப்படி நினைக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. ஒரே துக்கத்தை நீங்கள் ரோஸ் ஹில்லிலும் அவர்கள் கத்ர் போர்னிலுமாகத் தனித்தனியே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. விடியற்காலை வந்த மூன்று போனை நீங்கள் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். நான் அதை வேறு இடத்தில் சேர்க்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு ரசம் வைக்கும் முறை போனிலேயே கிடைக்கும். பக்கத்திலேயே அவளுடைய அம்மா இருக்கிறாள். அப்படியும் அந்தப் பெண் உங்களைக் கூப்பிட்டாள். நுரை கட்டினால் இறக்கலாமா என்று கேட்டாள். அவளுக்கு இந்த வீட்டு ரசம் வேண்டியிருந்தது. அதை யாரிடம் கேட்க வேண்டும் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்தக் குடும்பத்தில் என் இடம் எங்கே என்று தேடுகிறீர்களே, அன்று மூன்று முறை மணி அடித்தது அங்கேதான். நீங்கள் புளியின் அளவைச் சொல்லிவிட்டு, தெரியாதவள் எதற்கு எடுத்துக்கொண்டாள் என்று கோபித்துக்கொண்டீர்கள்.

நம் தீவில் உறவு எப்படி வளர்ந்தது என்பதையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். 1834இலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கென்று போர்ட் லூயிஸில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் தனி ஆட்கள். அத்தை, பெரியப்பா என்று கூப்பிட அவர்களுக்கு இங்கே யாரும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்களோடு உண்டு, உழைத்து, கல்யாணம் செய்து, அவர்களையே சொந்தமாக்கிக்கொண்டார்கள். உங்களுக்கோ 39 வருஷம் இருக்கிறது. உங்களைப் பெரியம்மா என்று கூப்பிடும் பிள்ளைகள், அந்தச் சொல்லை உங்கள் கணவர் வழியாகக் கற்றிருந்தாலும், இப்போது உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

வருஷப் பிறப்புக்குப் போகாமல் இருப்பது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பு என்றுதான் சொல்வேன். நீங்கள் போகாவிட்டால் அவர்கள் உங்கள் அருமையை உணர மாட்டார்கள். உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அடுத்த பட்டியலில் பாயசத்தையும் எடுத்துவிடுவார்கள்.

பட்டியல் வரும்வரை காத்திருக்காதீர்கள். சின்ன ஓரகத்திக்கு நீங்களே போன் செய்யுங்கள். டெக்சியைப் பற்றி அல்ல, அந்தக் கத்தரிக்காயைப் பற்றி. "அன்று நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது" என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். நம் தீவில் வருஷப் பிறப்புக்கு அரசு விடுமுறை கிடையாது. எல்லோரும் வேலை முடிந்து சாயங்காலம்தான் கூட முடியும். அது உங்களுக்கு நல்லதுதான், ஏழு கறிக்கு அவசியமே இல்லை. உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். ரசம் வைத்த அந்தப் பெண்ணைக் கொஞ்சம் முன்னாடியே வரச் சொல்லுங்கள், டெக்சியையும் எடுத்துக்கொண்டு. அவள் வைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். உப்பு கூடினால் கூடட்டும். கரண்டியை மட்டும் வாங்காதீர்கள். அது உங்களுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பெரிய கொழுந்தனை வாசலில் விட்டுவிடாமல், "உள்ளே வாங்க, அவர் இடத்தில் உட்காருங்க" என்று நீங்களே கூப்பிட வேண்டும். அவர் தயங்கினால் சேர்ந்து அழுதாலும் பரவாயில்லை.

அம்மா, இவ்வளவு நீளமான கடிதத்தில், ஏழு கறியில் உங்கள் கணவருக்கு எது பிடிக்கும் என்று நீங்கள் எழுதவேயில்லை. எனக்கு எழுத வேண்டாம். அன்று சாயங்காலம் அவருடைய தம்பிகளிடம் சொல்லுங்கள். சின்ன வயதில் அவருக்கு எது பிடித்தது என்று அவர்களையும் கேளுங்கள்.