கைகளைக் குறுக்கே வைத்தால் சுழியம்

அன்புள்ள ஐயா,

மலைக்கிராமத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கணக்கை அவர்கள் பண்பாட்டிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள் பயிற்சி வகுப்பில். கேள்வியில் ஆப்பிளை எடுத்துவிட்டுத் தேனடை போடுகிறேன். அதற்கு மேல் என்ன செய்வது? 7-ம் 6-ம் எங்கே போனாலும் 13 தானே?

வி.

அன்புள்ள வி.,

13 தான், சந்தேகமில்லை. தேனடை போடுவது பழைய கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டுகிற வேலை, அதுவும் சரி.

அலாஸ்காவின் வடகோடியில் காக்டோவிக் என்றொரு சிற்றூர். அங்குள்ள இன்யூப்பியாக் மக்கள் கால்விரல்களையும் சேர்த்து இருபது இருபதாக எண்ணுவார்கள். இருபதுக்கான சொல்லே 'மனிதன்' என்பதிலிருந்து வந்தது. பள்ளியிலோ பத்துப் பத்தாக எழுத வேண்டும். வாய் ஒன்று சொல்லும், கை இன்னொன்று எழுதும்.

1994இல் அந்த ஊர் நடுநிலை வகுப்புகளில் மொத்தமே 9 பேர். தங்கள் எண்களை எழுத வழக்கமான இலக்கங்கள் போதவில்லை என்று பத்துப் புதுக்குறிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மனதில் நிற்கவில்லை. அப்புறம் கோடுகளுக்கு வந்தார்கள். கீழே நிற்கிற கோடு ஒவ்வொன்றும் 1, மேலே படுத்த கோடு ஒவ்வொன்றும் 5. ஏழுக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு. ஆறுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. கூட்ட வேண்டுமா? கோடுகளைச் சேர்த்துவிடுங்கள்: மேலே இரண்டு, கீழே மூன்று. உங்கள் 13 வந்துவிட்டது, வாய்ப்பாடு இல்லாமலே. 12-க்குள் 6 இரண்டு முறை இருப்பதும் கண்ணுக்கே தெரியும். சுழியத்துக்கு அவர்கள் மொழியில் சொல் இல்லை. எண்ண ஒன்றுமில்லை என்று கைகளைக் குறுக்கே வைப்பது போன்ற வடிவம்தான் அதற்குக் குறி.

எனக்குப் பிடித்தது பிறகு நடந்தது. பெரிய பிள்ளைகள் இதைச் சின்ன வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வாண்டுகள் எல்லா எண்ணையும் ஒரே அளவுக் கட்டத்துக்குள் நெருக்கி எழுத, மேலே ஐந்துகள், கீழே ஒன்றுகள் என்ற அமைப்பு அப்படித்தான் படிந்தது. (மதிப்பெண்ணும் ஏறியது என்பார்கள். 9 பேரை வைத்து நான் எதையும் நிறுவ மாட்டேன்.) 2022இல் இந்த எண்கள், கணினிகள் எல்லா மொழி எழுத்துகளையும் அடையாளம் காணும் பொதுப் பட்டியலான யூனிகோடிலும் ஏறிவிட்டன.

அவர்கள் மொழியில் ஒன்பது என்பது 'இன்னும் பத்தாகாதது'. நம் ஒன்பதையும் ஒன்று குறைந்த பத்து என்றுதானே சொல்கிறார்கள்? உங்கள் பிள்ளைகளின் பாட்டிமார் ஒன்பதை எப்படிச் சொல்கிறார்கள், இருபதுக்கு மேல் எப்படிப் போகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தேனடை அதுவரை காத்திருக்கட்டும்.