சாயத்தில் தெரியாத கிருமி: மெலிந்து இறந்த ஆட்டின் குடல் அறிக்கையை எப்படி வாசிப்பது?

கேள்வி: கோப்பாயில் 14 ஆடுகள் வைத்திருக்கிறேன். சென்ற வருடம் மூன்று வயது மறியொன்று, குழையும் தவிடும் வழக்கம்போலத் தின்றுகொண்டே மெலிந்து, எலும்பும் தோலுமாகி இறந்தது. குடற்புழு மருந்து இருமுறை கொடுத்தும் பயனில்லை. கால்நடை வைத்தியர் வெட்டிப் பார்த்து, குடல் துண்டுகளைப் பேராதனை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். முதலில் ‘குடற்சுவர் தடித்த நாட்பட்ட அழற்சி, விசேட சாயம் தேவை’ என்றும், பின்னர் ‘சீல்-நீல்சன் சாயத்தில் சிவப்புக் கோலுருப் பற்றீரியாக்கள், ஜோனிஸ் நோய்’ என்றும் இரண்டு அறிக்கைகள் வந்தன. இந்த மாரியில் அதேபோல மெலிந்த இன்னொரு மறி இரவில் இறந்துவிட, காலையில் நானே ஒரு சாண் குடலை வெட்டி, போமலின் விட்ட ஜாம் போத்தலில் போட்டுக் கொடுத்தேன். ‘இழையம் அழுகியுள்ளது, சிவப்புப் பற்றீரியா காணப்படவில்லை’ என்று பதில் வந்தது. அப்படியானால் இதற்கு அந்த நோய் இல்லைத்தானே? இதன் இரண்டு பெட்டைக் குட்டிகளையும் இனத்துக்கு வைத்திருக்கலாமா?

பதில்: குட்டிகளை இனத்துக்கு வைக்க வேண்டாம். ‘காணப்படவில்லை’ என்று எழுதியவர் ‘இல்லை’ என்று எழுதவில்லை. அந்த வேறுபாடு ஆய்வுகூடத்தாரின் தயக்கத்தால் வந்ததன்று. நீங்கள் அனுப்பிய துண்டிலிருந்து அதற்கு மேல் எதையும் சொல்ல முடியாது என்பதால் வந்தது.

போமலினில் இறுகிய குடல் துண்டின் நீரை அற்ககோலால் அகற்றி, பரபின் மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்கு தடிப்பில் சீவி எடுக்கிறார்கள். அந்தச் சீவலை அப்படியே நுணுக்குக்காட்டியில் வைத்தால் கண்ணாடித்துண்டில் காய்ந்த நீர்த்துளிபோல மங்கலாகத்தான் இருக்கும். ஆகவே முதலில் ஹெமட்டொட்சிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயங்களை ஏற்றுகிறார்கள். ஹெமட்டொட்சிலின் மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கப்படுவது. தனியே விட்டால் இழையத்தில் நன்றாகப் பிடிக்காது, படிகாரம் போன்ற ஓர் உப்புச் சேர்ந்தால்தான் பிடித்துநிற்கும். ஒல்லாந்தர் காலத்தில் நமது தீவுப் பகுதிகளிலும் மன்னாரிலும் சாயவேர் தோண்டியவர்களுக்கும், அந்த வேரால் துணிக்குச் சிவப்பு ஏற்றியவர்களுக்கும் படிகாரத்தின் இந்த வேலை நன்கு தெரிந்தே இருந்தது.

இந்த முதற்சாயத்தில் கலங்களின் கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். உங்கள் முதல் ஆட்டின் குடற்சுவரில், கிருமியை விழுங்க வந்த பெருங்கலங்கள் கூட்டங்கூட்டமாக நிறைந்து, உணவுச் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற முளைகளை மொட்டையாக்கியிருக்கும். தின்றும் மெலிந்ததற்கான காரணம் அதுவே. ஆனால் உடல் என்ன செய்தது என்பதைத்தான் இந்தச் சாயம் காட்டும். யாருக்கு எதிராகச் செய்தது என்பதைக் காட்டாது. அதனாலேயே இரண்டாவது சாயம் கேட்கப்பட்டது. உங்களை அலைக்கழிப்பதற்காக அன்று.

சீல், நீல்சன் என்ற இரு ஜெர்மானியர்களின் பெயரால் வழங்கும் இந்த முறை 1880களில் உருவானது. காபோல் புக்சின் என்ற கடுஞ்சிவப்புச் சாயத்தைச் சூடாக்கி ஏற்றிய பின்னர், அமிலம் கலந்த அற்ககோலால் கழுவுகிறார்கள். மற்றெல்லாம் சிவப்பை இழந்துவிட, மெழுகு போன்ற கொழுப்புறை கொண்ட மைக்கோபற்றீரியாக்கள் என்ற வகை மட்டும் அதை விடாமல் வைத்திருக்கும். ஜோனிஸ் நோய்க்கிருமி இந்த வகையைச் சேர்ந்தது. கடைசியாக மெதிலீன் நீலம் இட்டால், நீலப் பின்புலத்தில் சிறு சிவப்புக் கோல்கள் கொத்தாகத் தெரியும். காசநோய்க் கிருமியும் இதே சிவப்பையே எடுக்கும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயரிட முடியாது. கோல்கள் குடலின் எந்த இடத்தில், எந்தவகைக் கலத்தினுள் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே தீர்மானிப்பார்கள். 1895இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஜோனிஸ் நோயை முதலில் விவரித்த ஜோனேயும் புரொதிங்காமும் மாட்டுக் குடலில் இச்சிவப்புக் கோல்களைக் கண்டபோது, காசநோயின் ஒரு வகை என்றே எண்ணினார்கள்.

இனி உங்கள் ஜாம் போத்தலுக்கு வருவோம். இறந்த உடலில் முதலில் அழுகுவது குடல். நமது வெக்கையில் இரவு இறந்த ஆட்டின் குடல் உட்சவ்வு விடியுமுன்பே கரையத் தொடங்கிவிடும். அதற்கு மேல், ஒரு சாண் குடலைப் பிளக்காமல், உள்ளே மலத்தோடு, குறைந்த போமலினில் திணித்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். போமலின் வெளியிலிருந்து உள்ளே மிக மெதுவாகவே ஊறும். அது நடுப்பகுதியை அடையுமுன் அங்கே பார்க்க எதுவும் மிஞ்சியிராது. துண்டு அரைச் சதமமீற்றர் தடிப்புக்கு மேற்படாமல், நீளவாக்கில் பிளந்து, மலத்தை மெதுவாக அலசி, துண்டின் கன அளவைப்போலப் பத்து மடங்கு போமலினில் மிதக்க வேண்டும். கடையில் வரும் செறிந்த போமலினில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலப்பது வழக்கம். ஐஸில் உறைய வைத்த துண்டு இதற்கு உதவாது. சிறுகுடலின் கடைசிப் பகுதியும், அது பெருங்குடலோடு சேரும் இடமும், அருகிலுள்ள நிணநீர் முடிச்சும் அவசியம் வேண்டும். உங்கள் ஒரு சாண் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. இவையெல்லாம் சரியாக இருந்தாலும், சில ஆடுகளின் குடலில் கோல்கள் மிகச் சிலவே இருக்கும். அப்போது சாயம் ஒன்றும் காட்டாமல் போகலாம்.

இதைவிட எனக்குக் கவலை தந்தது, இறந்த ஆட்டை நீங்களே வெட்டியதுதான். மெலியாமல் இருந்த ஆடு திடீரென இறந்து, மூக்காலோ மலவாயாலோ உறையாத கருஇரத்தம் வடிந்தால், கத்தியை எடுக்கவே கூடாது. அது அடைப்பான் (அந்திராக்ஸ்) நோயாக இருக்கலாம். உடலைத் திறந்தால் கிருமி காற்றுப்பட்டு வித்தாகி, நிலத்தில் பல்லாண்டு கிடக்கும், மனிதருக்கும் தொற்றும். அந்த வேளையில் வைத்தியர் காது நாளத்திலிருந்து ஒரு துளி இரத்தத்தை மட்டும் கண்ணாடித்துண்டில் பூசி, நாட்பட வைத்துப் பழுத்த மெதிலீன் நீலத்தால் சாயமிட்டுப் பார்ப்பார். நீலக் கோல்களைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரிந்தால் அதுவே போதிய சான்று.

ஜோனிஸ் நோய்க்கு ஆட்டில் குணப்படுத்தும் மருந்து இல்லை. குட்டிப் பருவத்தில், தாயின் பாலாலும், சாணம் பட்ட மடியாலும் கிருமி புகுந்து, வருடங்கள் கழித்தே மெலிவாக வெளிப்படுகிறது. அதனால் இன்று கொழுகொழுவென்று நிற்கும் அந்த இரண்டு பெட்டைகளையும் நம்ப முடியாது. இறைச்சிக்கு வளருங்கள், இன்னொருவர் பட்டிக்கு விற்காதீர்கள். இனிப் பிறக்கும் குட்டிகளுக்கு, மெலிவில்லாத தாயின் கடும்புப் பாலை மட்டும் கொடுங்கள். குழையையும் தண்ணீரையும் பிழுக்கை விழாத உயரத்தில் கட்டுங்கள். கொட்டில் எருவை ஆடு மேயாத தோட்டத்துக்கே போடுங்கள், ஏனெனில் நிழலான மண்ணில் இக்கிருமி ஒரு வருடத்தை ஒட்டியும் உயிரோடிருக்கும். வீட்டுக்கு எடுக்கும் பாலை நன்றாகக் கொதிக்க வைத்தே குடியுங்கள். மிஞ்சிய ஆடுகளின் இரத்தப் பரிசோதனை பற்றி உங்கள் பிரிவுக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். அடுத்து ஓர் ஆடு மெலியத் தொடங்கினால், அது எழுந்து நிற்கும்போதே அவரை அழையுங்கள்.