ரெசர்பின் எலிகள் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

மருந்தியல் முதுகலை படிக்கிறேன். பார்க்கின்சன் நோயின் அறிகுறிகளை விலங்கில் உருவாக்கிப் பார்க்கும் மாதிரிக்காக எலிகளுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ரெசர்பின் என்ற மருந்தைத் தோலடியில் போடுகிறோம். சில எலிகள் முடங்கிவிடுகின்றன, சில சாதாரணமாக ஓடுகின்றன. மருந்தைத் தண்ணீரில் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்துத்தான் பயன்படுத்துகிறோம். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைனின் உற்பத்தியை ரெசர்பின் நிறுத்துகிறது என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன், சரிதானே? சுத்தமான மருந்துக்குப் பதில், ரெசர்பின் இயற்கையாக உள்ள சர்ப்பகந்தா செடியின் வேர்ப்பொடியைக் கொடுக்கலாமா? இதையே மனச்சோர்வு மாதிரியாகவும் காட்டலாம் என்கிறார் வழிகாட்டி.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் சிக்கல் கரைசலில் இருக்கிறது. ரெசர்பின் தண்ணீரில் கரையாது. கலங்கலாக மிதக்கும் தூளை ஊசியில் இழுத்தால் ஒரு எலிக்கு இரட்டிப்பாகவும் அடுத்ததற்கு வெறும் தண்ணீராகவும் போகும். 10 மில்லிகிராம் தூளில் முதலில் 0.1 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலம் விட்டு, துகள் தெரியாதவரை குலுக்குங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 10 மில்லியாக்குங்கள். மில்லிக்கு 1 மில்லிகிராம் கிடைக்கும். 200 கிராம் எலிக்கு 1 மில்லி. வரிசையை மாற்றித் தண்ணீரை முதலில் ஊற்றினால் தூள் கட்டிக்கொள்ளும். அமிலம் எரிச்சலூட்டுமே என்று காரம் சேர்த்து பிஎச்சை 7-க்குக் கொண்டுபோனால் கரைந்தது மறுபடி வீழ்படிவாகும். ஒளி பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகும், பச்சையாக ஒளிரவும் தொடங்கும், அதைக் கொட்டிவிடுங்கள். அன்றன்று கரைத்து, பழுப்புப் புட்டியில் வையுங்கள். ஒப்பிடுவதற்காக ரெசர்பின் போடாமல் வைக்கும் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் வெறும் சலைன் (உப்புநீர்) போதாது, அதே அளவு அமிலமுள்ள நீரைத்தான் போட வேண்டும்.

பிறகு, ஊசி போட்ட அன்றே பார்க்காதீர்கள். 18 முதல் 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இமை தொங்கியிருக்கும், முதுகு கூனியிருக்கும், முன்கால்களைக் கம்பியில் எடுத்து வைத்தால் எலி அப்படியே நிற்கும். உடல் சூடும் இறங்கும். குளிரூட்டிய அறையில் விட்டால் குளிரிலேயே செத்துப்போகும், மருந்தின் மேல் பழி விழும். கூண்டைச் சூடாக வைத்து, தீனியை நனைத்து வாய்க்கருகே வையுங்கள்.

ஆய்வேட்டு வாக்கியத்தை அடித்துவிடுங்கள். ரெசர்பின் உற்பத்தியில் கை வைப்பதில்லை, சேமிப்பில்தான் வைக்கிறது. நரம்பு முனையின் நுண்பைகளுக்குள் டோபமைனை ஏற்றும் விமேட்-2 என்ற கடத்தியைப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. விளைந்த நெல் களஞ்சியத்துக்குள் போக வழியில்லாமல் களத்திலேயே கிடந்து மட்குவது மாதிரி, வெளியே நிற்கும் டோபமைனை மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதி சிதைத்துவிடுகிறது. அதனால்தான் சிதைவுப் பொருளான டோபாக் முதலில் கூடுகிறது. இந்த நொதியைத் தடுக்கும் இப்ரோநியாசிடை முன்னதாகக் கொடுத்தால், ரெசர்பின் போட்ட விலங்கு முடங்காமல் பரபரப்பாகிறது. உற்பத்தியே நின்றிருந்தால் அப்படி நடக்குமா?

இதற்கு வரலாறும் சாட்சி. 1955-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் ப்ளெட்சர், ஷோர், பிராடி மூவரும் டோபமைனைப் போலவே செய்தி கடத்தும் செரட்டோனினை ரெசர்பின் காலிசெய்வதைக் கண்டார்கள். அந்த ஆய்வகத்தில் சில மாதங்கள் வேலை செய்த அர்வித் கார்ல்சன் ஸ்வீடன் திரும்பி, 1957-இல் ரெசர்பினால் முடங்கிய முயல்களுக்கு, டோபமைனின் முன்பொருளான எல்-டோபா போட்டார். சற்று நேரத்தில் எழுந்து நடந்தன. செரட்டோனினின் முன்பொருளான 5-எச்டிபி அவற்றை எழுப்பவில்லை. மூளையை அளந்தால், எல்-டோபாவிலிருந்து உண்டாகக்கூடிய இன்னொரு செய்தி கடத்தியான நாரட்ரினலினும் ஏறவில்லை. திரும்பியிருந்தது டோபமைன். 2000-இல் நோபல் பரிசுவரை போன கதை இது. நீங்களும் எல்-டோபாவால் மீட்டுக் காட்டினால் ஆய்வு உறுதிப்படும். அரைமணி முன்பே, மூளைக்கு வெளியே அது மாறுவதைத் தடுக்கும் பென்செராசைட் கொடுங்கள், இல்லையென்றால் எல்-டோபாவில் பெரும்பங்கு மூளைக்கு வெளியிலேயே டோபமைனாகிவிடும்.

இன்னொன்று: எலி சில நாளில் நடமாடத் தொடங்கும், ஆனால் திசுவில் டோபமைன் அளவு அதற்குப் பிறகும் நெடுநாள் குறைந்தே இருக்கும். புது நுண்பைகள் செல் உடலிலிருந்து வந்து சேர வேண்டுமே! நடமாட்டத்தை வைத்து வேதியியலை ஊகிக்காதீர்கள். நியூரான்கள் சாவதில்லை என்பதையும் எழுதுங்கள், பார்க்கின்சனில் சாகின்றன. இந்த மாதிரியின் பெரிய ஓட்டை அது.

மனச்சோர்வு விஷயத்தில் வழிகாட்டியோடு எனக்கு உடன்பாடில்லை. ரத்த அழுத்தத்துக்கு ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்தார்கள் என்ற குறிப்புகளிலிருந்து வளர்ந்த நம்பிக்கை அது. மந்தத்தையும் மனச்சோர்வையும் அவற்றில் பல பிரிக்கவே இல்லை. 1955-இலேயே டேவிஸும் ஷெப்பர்டும் லண்டனில் பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு ரெசர்பின் கொடுத்து, பலன் இருந்ததாக எழுதினார்கள். 

வேர்ப்பொடி வேண்டாம். காய்ந்த வேரில் ரெசர்பின் ஏறக்குறைய 0.1 சதவீதம். உங்கள் 1 மில்லிகிராமுக்கு 1 கிராம் பொடி வேண்டும், அதை 200 கிராம் எலிக்குள் எப்படிச் செலுத்துவீர்கள்? கூடவே இதயத் துடிப்பை மாற்றும் அஜ்மலின் போகும், ரெசர்பினைப் போலவே வேலை செய்யும் ரெசினமின் போகும். எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது. வேரை எடுக்கச் செடியையே பிடுங்க வேண்டும். காட்டில் அருகிவரும் செடி, பன்னாட்டு வணிகத்திலும் கட்டுப்பாடு உண்டு. 100 மில்லிகிராம் சுத்தமான ரெசர்பின் வாங்கினால் 200 கிராம் எலிகள் நூற்றுக்குப் போதும்.