பாகு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் யாருக்கு என்ன?

தம்பி, நீங்கள் இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. உடன் வேலை செய்பவர்கள் தங்கள் வீட்டில் கலந்து தரும் காக்டெயில் புளிக்கிறது, இல்லையென்றால் கசக்கிறது. அதையே நீங்கள் வீட்டில் செய்முறை பார்த்துக் கலந்தாலும் வாய்க்குப் பிடிக்கவில்லை. இனிப்பைக் கூட்டினால் சிரிக்கிறார்கள். நம் ருசிக்கு ஏற்ப மாற்றுவது தப்பா, எப்படி மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். கூடவே எந்த பாட்டில், எந்த ஷேக்கர், விருந்துக்கு என்ன உடுத்துவது என்றும் ஒரு பட்டியல். உடை விஷயத்தில் என்னை நம்பாதீர்கள். பாட்டில் உங்கள் இஷ்டம். எனக்குப் பதில் சொல்லத் தோன்றுவது அந்தச் சிரிப்புக்குத்தான்.

என்னைப் பார்த்துச் சிரித்தவர் அந்நியர் இல்லை, நம்மவர். எனக்குப் பத்து வருடம் முன்னால் வந்தவர். அவர் வீட்டில் ரம், எலுமிச்சைச் சாறு, பாகு கலந்த டாக்கிரி கொடுத்தார். புளிப்பில் பல் கூசியது. இன்னும் கொஞ்சம் பாகு விடலாமா என்று மெதுவாகத்தான் கேட்டேன். “இருமல் மருந்தா வேண்டும் உனக்கு?” என்று அறை முழுவதும் கேட்கும்படி சொன்னார். அதற்குப் பிறகு மூன்று வருடம், எங்கே போனாலும் நெக்ரோனி கேட்டு வாங்கிக் குடித்தேன். ஜின், கசப்பு மது, மூலிகை சேர்த்த ஒயினான இனிப்பு வெர்மூத் மூன்றும் சம அளவு. ஒவ்வொரு மடக்குக்கும் தொண்டை இறுகும், முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும். ஊரோடு ஒத்து வாழ்கிறேன் என்று பெருமை வேறு.

இந்தக் காலத்தில் சிலர் இனிப்பு என்றாலே ஏதோ அறியாமை என்பதுபோலப் பேசுகிறார்கள். 1806-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளிவந்த ஒரு பத்திரிகை, காக்டெயில் என்றால் என்ன என்று கேட்ட வாசகருக்கு இப்படிப் பதில் சொன்னது: ஏதாவது ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்ற கசப்புத் துளிகள் சேர்ந்த பானம். சர்க்கரையும் தண்ணீரும் அப்போதே உள்ளே இருந்தன. அடுத்த முறை யாராவது சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

அதற்காகக் கண்டபடி பாகை ஊற்றச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தவர் இருக்கிறாரே, அவர் ஒருநாளும் அளந்து ஊற்றியதில்லை. “இத்தனை வருடப் பழக்கம், கண்ணே அளவு” என்பார். அவர் கொடுக்கும் முதல் கிளாஸும் மூன்றாவது கிளாஸும் ஒன்றாக இருந்ததே இல்லை. அளக்காதவனால் மாற்ற முடியாது, தம்பி. எதிலிருந்து மாற்றினோம் என்பதே தெரியாதே. மில்லிக் கோடு போட்ட சின்ன அளவுக் கோப்பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டேபிள்ஸ்பூனை நம்பவேண்டாம். பல நாடுகளில் அது 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. செய்முறை எழுதியவர் எந்த ஊர்க்காரரோ!

பாகிலும் இதே குழப்பம் உண்டு. சர்க்கரையும் தண்ணீரும் சம எடை போட்டுக் கரைத்தது ஒரு வகை, சர்க்கரை இரண்டு பங்கு போட்டது இன்னொரு வகை. இரண்டாவதில் அதே 20 மில்லியில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சர்க்கரை இருக்கும். திகட்டுகிறது என்று என்னிடம் வரும் பாதிப் புகார்களுக்குக் காரணம் இதுதான்.

சுவைத்துப் பார்க்கும் முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எதிர் வீட்டில் இருந்த வயதான பெண்மணி. இளவயதில் ஒரு ஓட்டல் பாரில் வேலை பார்த்தவர். ஒரு மாலை நான் டாக்கிரி கலந்துகொண்டிருந்தேன்: வெள்ளை ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 30 மில்லி, சமபங்குப் பாகு 20 மில்லி. ஐஸ் போடுவதற்கு முன்பே ஒரு வாய் குடித்துவிட்டு, இனிப்பு அதிகம் என்று இன்னும் சாறு பிழியப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். குளிர்ந்தால் இனிப்பு மட்டுப்படும், குலுக்கும்போது ஐஸ் உருகிச் சேரும் தண்ணீர் கடைசியில் கிளாஸில் கால் பங்குக்குக் குறையாது, அதனால் குலுக்குவதற்கு முன் சற்று இனிப்பாகவும் காட்டமாகவும் இருப்பதுதான் சரி என்றார். ஐஸ் போட்டுப் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடி குலுக்கினார். ஒரு ஸ்ட்ராவை உள்ளே விட்டு, மேல் நுனியை விரலால் அடைத்து எடுத்து, அதில் தங்கிய சில துளிகளை என் நாக்கில் விட்டார். “பிடித்திருக்கிறதா என்று யோசிக்காதே. எது முன்னால் வந்து நிற்கிறது, அதைச் சொல்” என்றார்.

புளிப்பு என்றேன். 5 மில்லி பாகு மட்டும் விட்டுக் கலக்கி, புதிய ஸ்ட்ராவில் மறுபடி துளிகள். அவ்வளவுதான், சரியாகிவிட்டது. நானாக இருந்தால் 15 ஊற்றி, திகட்டியதும் சாறு விட்டு, சப்பென்று ஆனதும் ரம்மைச் சேர்த்து ஒரு குடம் ஆக்கியிருப்பேன். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றவேண்டும், அதையும் உடனே எழுதிவைக்க வேண்டும் என்பது அவர் கண்டிப்பு. பின்னாளில் நான் அப்படி எழுதிவைத்த நோட்டில் இன்றும் “சாறு 25, பாகு 20, எனக்குப் போதும்” என்ற வரி எலுமிச்சைக் கறையோடு இருக்கிறது.

கசப்புத்தான் உங்களுக்குத் தொல்லை என்றால் பாகைத் தொடாதீர்கள். 20 கிராம் உப்பை 80 கிராம் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் இரண்டு மூன்று துளி விட்டுப் பாருங்கள். உப்புத் தெரியாது, கசப்பு அடங்கும். மூன்று வருடம் நான் பட்ட நெக்ரோனிப் பாட்டை இரண்டு துளி உப்புநீர் தீர்த்திருக்கும். வெர்மூத் என்பது ஒயின்தான் என்பதையும் மறக்கவேண்டாம். திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு மாதத்தில் முடித்துவிட வேண்டும். நம்மவர் பலர் வீட்டில் அது கண்ணாடி அலமாரியில், விளக்கு வெளிச்சத்தில், வருடக்கணக்கில் காட்சிக்கு நிற்கிறது. அதை ஊற்றிக் கொடுத்துவிட்டு உங்கள் நாக்கைக் குறை சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாகும் சாறும் எரிச்சலை மறைக்குமே தவிர, மதுவைக் குறைக்காது. 40 சதவீத ரம் 60 மில்லி என்றால் அதில் சுத்தமான ஆல்கஹால் 24 மில்லி. உங்கள் ருசிக்கு அமைந்த கிளாஸ் சரசரவென்று இறங்கும். நான் முதன்முதலில் சரியாகக் கலந்த இரவில் மூன்று குடித்துவிட்டு, என் வீடு என்று நினைத்து அந்த எதிர் வீட்டுப் பெண்மணியின் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரைக் கொடுத்து எதிர்ப்பக்கம் கை காட்டினார்.

ஷேக்கர் கேட்டிருந்தீர்களே, மூடி இறுக்கமாக உள்ள கண்ணாடி ஜாடி போதும். இறுக்கமாக இருக்கிறதா என்பதை முதலில் வெறும் தண்ணீர் விட்டுக் குலுக்கிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு நல்ல வெள்ளைச் சட்டை வைத்திருந்தேன்.